துபாயில் ஒரு பள்ளிக்கூடம்: இரண்டரை வருஷம் கழித்து

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. என் மகளும் மகனும் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள். குறைகளையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். அல் குசைஸ் பக்கம் இருக்கிற சிபிஎஸ்இ பள்ளி என்று தெரிந்தால் போதும். என் சித்தி மகள் குடும்பத்தோடு அடுத்த ஏப்ரலில் திருச்சியிலிருந்து இங்கே வருகிறாள். அவளுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் பிள்ளையின் மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு திகைத்துப் போய் இருப்பார்கள்.

என் கணவருக்கு ஜெபல் அலியில் வேலை. 2022 அக்டோபரில் அவர் முதலில் வந்துவிட்டார். 2023 பொங்கல் லீவோடு இன்னும் சில நாள் சேர்த்து, நானும் பிள்ளைகளும் விசிட் விசாவில் வந்து இரண்டு வாரம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினோம். மகள் அப்போது மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு, மகன் எல்கேஜி. இரண்டு பேர் படிப்புக்கும் சேர்த்து கம்பெனி வருஷத்துக்கு 25,000 திர்ஹம் தருவதாகச் சொல்லியிருந்தது. அன்றைய கணக்கில் ஐந்தரை லட்ச ரூபாய் வரும். திருச்சியில் உட்கார்ந்து பார்த்தபோது எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பார்த்தது ஒரு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி. கணவரின் ஆபீசில் எல்லாரும் சொன்ன பெயர். வகுப்புக்கு இருபத்திரண்டு பிள்ளைகள், சின்ன வகுப்புகளில் டீச்சரோடு இன்னொருவர் துணைக்கு, நீச்சல் குளம், மண்பாண்டம் செய்ய ஒரு அறை. என் மகள் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நின்று நகரவே மாட்டேன் என்றாள். ஃபீஸ் அவள் ஒருத்திக்கே 48,000 திர்ஹம். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கம்பெனி முழுத் தொகையும் கொடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேதான் இருக்கப் போகிறோம் என்ற உறுதியும் இருந்தால் நான் அங்கேதான் சேர்த்திருப்பேன். எங்களுக்கு அந்த உறுதி இல்லை. கணவரின் விசா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற விசா. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் மகள் அங்கே எந்த வகுப்பில் உட்காருவாள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பள்ளிகளில் வருஷம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. வகுப்பு எண்ணும் ஒன்று தள்ளி வரும்: நம் ஆறாம் வகுப்பு அங்கே இயர் 7. இது தெரியாமல், பிள்ளைக்கு ஒரு வகுப்பு கூடப் போட்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்ட ஒரு அப்பாவை அந்தப் பள்ளி வரவேற்பறையிலேயே பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பார்த்தோம். இந்த ஊரில் இந்தியப் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஊத் மேத்தாவில் இருக்கிற இந்தியன் ஹை ஸ்கூல் 1961-இல் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு உருவாவதற்குப் பத்து வருஷம் முன்பு. ஏப்ரலில் வகுப்பு தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலுக்கு நீண்ட விடுமுறை. பாடப்புத்தகம் நமக்குப் பழக்கமான என்சிஇஆர்டி. ஃபீஸும் பெரும்பாலும் பிரிட்டிஷ் பள்ளிகளை விட எவ்வளவோ குறைவு.

பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள துபாயில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை முழுதாகப் பயன்படுத்தாத பெற்றோர்களே அதிகம் என்பது என் ஆதங்கம். தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடுவது கே.எச்.டி.ஏ. என்கிற ஆணையம். 2006-இல் அமைக்கப்பட்டது. அதன் ஆய்வாளர்கள் பள்ளிக்குள் சில நாள் உட்கார்ந்து, வகுப்புகளைப் பார்த்து, அறிக்கை எழுதுகிறார்கள். அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், அக்செப்டபிள், வீக், வெரி வீக் என்று ஆறு படி. எல்லாரும் இந்த ஒரு வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அவுட்ஸ்டாண்டிங், வெரி குட் என்று பட்டியல் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் ஒரு அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளை என்பதோடு, போன வருஷம் எத்தனை சதவீதம் ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்றுகூட அதில் போட்டிருந்தார்கள். வெரி குட் வாங்கிய ஒரு பள்ளியில் அந்த எண் 28. குட் மட்டுமே வாங்கிய இன்னொன்றில் 9. பாதி வருஷத்தில் கணக்கு டீச்சர் மாறினால் பிள்ளை எப்படித் தடுமாறும் என்பது எனக்குத் தெரியும். திருச்சியில் ஐந்தாம் வகுப்பில் என் மகளுக்கு நடந்தது. நோட்டில் இருந்த பட்டியலை அன்றைக்கே மாற்றி எழுதினேன். நாங்கள் கடைசியில் சேர்த்தது அந்த 9 சதவீதப் பள்ளியில்தான்.

அறிக்கையின் நடுவில் பாடவாரியாக ஒரு கட்டம் வரும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், அரபி ஒவ்வொன்றுக்கும், சின்ன வகுப்பு முதல் பெரிய வகுப்பு வரை தனித்தனி மதிப்பீடு. எங்கள் பள்ளிக்கு ஆங்கிலமும் கணக்கும் வெரி குட். பெரிய வகுப்புகளில் அரபி மட்டும் அக்செப்டபிள். இதைக் குறித்து வைத்துக்கொண்டு போய் அட்மிஷன் அலுவலகத்தில் கேட்டபோது, அங்கிருந்த பெண்மணி மழுப்பவில்லை. "ஆமாம், அது எங்கள் பலவீனம். இந்த வருஷம் இரண்டு புது ஆசிரியர்களை எடுத்திருக்கிறோம்" என்றார். அந்தப் பதிலுக்காகவே எனக்கு அந்தப் பள்ளி பிடித்துப்போனது. ஒரு எச்சரிக்கை: 2024-25இல் ஆணையம் வழக்கமான முழு ஆய்வுகளை நடத்தவில்லை. இப்போது ஒரு பள்ளி தன் வாசலில் மாட்டியிருக்கிற ரேட்டிங் எந்த வருஷத்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள். நடுவில் பிரின்சிபால் மாறியிருந்தால் அந்த அறிக்கை பாதிக்குத்தான் பயன்படும்.

அறிக்கையில் வராத ஒன்றையும் பார்த்தேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஏழாம் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னேன். நான்கு பள்ளிகள் காட்டின. ஒன்றில் நோட்டு அட்டையெல்லாம் அழகாக இருந்தது, ஆனால் இரண்டு மாதமாகத் திருத்தவே இல்லை. எங்கள் பள்ளி நோட்டில், தப்பான வழிமுறைக்குப் பக்கத்தில் சரியான வழியை டீச்சர் தன் கையால் எழுதியிருந்தார்.

இனி மொழி. நான் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

திருச்சியில் என் மகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டும். இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் ஏழாம் வகுப்பு என்றால் ஆங்கிலம் போக இரண்டாம் மொழி ஒன்று வேண்டும். அதோடு அரபி, அரபியைத் தாய்மொழியாகக் கொண்டிராத பிள்ளைகளும் ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயம் படிக்க வேண்டும். சிபிஎஸ்இ பாடப்பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆனால் பள்ளி அதை நடத்தினால்தானே? நான் ஏறி இறங்கிய ஐந்து இந்தியப் பள்ளிகளிலும் "தமிழ் உண்டா?" என்று கேட்டேன். ஐந்திலும் இல்லை. மலையாளம் இரண்டில் இருந்தது. இந்தி எல்லாவற்றிலும் இருந்தது. பிரெஞ்சு மூன்றில். ஆனால் பிரெஞ்சும் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறார்கள், ஆகவே அதிலும் இரண்டு வருஷம் பின்தங்கல்தான்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. தமிழில் கட்டுரைப் போட்டிக்கெல்லாம் போனவள். அவள் பன்னிரண்டு வயதில், சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு மொழியில். இதை நினைத்து விமானத்திலேயே அழுதேன். இப்போதும் சொல்கிறேன், பெற்றோர் யாரும் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பள்ளிகள் இதைத் தானாகச் சொல்வதில்லை. ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் ஒரு நுழைவுத் தேர்வு வைத்து, பாஸ் என்று சொல்லி, அட்மிஷன் போட்டுவிடுவார்கள். முதல் வாரம் டைம் டேபிள் கைக்கு வரும்போதுதான் விஷயம் தெரியும்.

எங்கள் பள்ளி செய்ததைச் சொல்கிறேன். அரபிக்கு, எந்த வகுப்பு என்று பார்க்காமல் எத்தனை வருஷம் படித்திருக்கிறாய் என்று கேட்டுப் பிரித்தார்கள். ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் புதிதாக வந்த பதினோரு பேரை ஒரே அறையில் உட்கார வைத்து அலிஃப், பா என்று தொடங்கினார்கள். எல்லாருக்கும் தெரியாது என்பதால் யாருக்கும் வெட்கம் இல்லை. மூன்றாவது வாரம் மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நமக்கு அரபி ஏற்கெனவே தெரியும்" என்றாள். டீச்சர் பலகையில் பாகீ என்று எழுதி, மிச்சம் என்று பொருள் சொன்னாராம். மகள், எங்கள் ஊரில் கடைக்காரர் "பாக்கி" என்றுதான் கேட்பார் என்று சொல்லியிருக்கிறாள். அந்த எகிப்திய டீச்சர் அசந்துபோய், இன்னும் சொல்லு என்றாராம். அன்று ராத்திரி நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம்: வசூல், அசல், நகல், ஜில்லா. மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டினார். இந்தப் பள்ளிக்கு நான் கொடுக்கிற நட்சத்திரங்களில் ஒன்று முழுதாக அந்த ஆசிரியருக்குத்தான்.

இந்தியில் இவ்வளவு நன்றாக நடக்கவில்லை. அங்கே புதுப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு கிடையாது. ஏழாம் வகுப்புப் பாடமே. முதல் யூனிட் டெஸ்டில் இருபதுக்கு இரண்டு. விடைத்தாளைக் காட்டாமல் பையின் அடியில் மடித்து வைத்திருந்தாள். நான் போய்ப் பேசினேன். முதலில் "டியூஷன் வையுங்கள்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. இது பள்ளி செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது முறை எழுத்து மூலம் கேட்ட பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் மதிய இடைவேளையில் ஒரு டீச்சரை ஒதுக்கினார்கள். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். இந்தி எழுத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லிக்கொடுத்தார். நமக்கு ஒரே 'க', அவர்களுக்கு நான்கு என்பதில் தொடங்கி. எட்டாம் வகுப்பு முடிவில் மகள் இந்தியில் எழுபதைத் தொட்டாள். ஆனால் கேட்காத பெற்றோரின் பிள்ளைக்கு அந்த டீச்சர் கிடைத்திருக்க மாட்டார், இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தமிழ் எங்கள் பொறுப்பாக ஆகிவிட்டது. சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை இறக்கி அச்செடுத்து பைண்ட் போட்டு வைத்திருக்கிறோம். மகனுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அடிப்படைப் பாடங்கள். சனிக்கிழமை காலை எங்கள் கட்டடத்திலேயே நான்கு குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள், நானும் பட்டுக்கோட்டைக்கார அக்கா ஒருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆசைக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. நாளை ஊருக்குத் திரும்பினால், தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கட்டாயம். 2006-இல் வந்த சட்டம் அது. நான்கு வருஷம் தமிழ் எழுதாத பிள்ளையால் அதைச் சட்டென்று பிடிக்க முடியாது.

மகன் விஷயம் சுருக்கமாக. ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில் மார்ச் 31 அன்று நான்கு வயது முடிந்திருந்தால்தான் கேஜி 1. அவன் 2019 ஜனவரிக்காரன். திருச்சியில் எல்கேஜி முடித்திருந்தும் இங்கே கேஜி 1-இல்தான் போட்டார்கள். ஒரு வருஷம் போச்சே என்று மாமியார் ரொம்ப வருத்தப்பட்டார். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் பென்சிலைத் தெம்பாகப் பிடித்து எழுதுகிறான். அந்த ஒரு வருஷம் அவனுக்கு நல்லதே செய்தது.

பத்திரங்கள். இரண்டாம் வகுப்பிலோ அதற்கு மேலோ சேர்கிற பிள்ளைக்கு வெறும் டிசி போதாது. எங்கள் டிசியில் முதன்மைக் கல்வி அலுவலர் கையெழுத்து, பிறகு வெளியுறவு அமைச்சக முத்திரை, பிறகு அமீரகத் தூதரக முத்திரை என்று வரிசையாக வாங்க வேண்டியிருந்தது. ஏஜென்ட் மூலம் டெல்லிக்கு அனுப்பினோம். "ஆறாம் வகுப்புத் தேர்ச்சி, ஏழாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டார்" என்ற வரி டிசியில் தெளிவாக இருக்க வேண்டும். எங்களுடையதில் முதல் பாதி மட்டும் இருந்தது. பள்ளிக்குத் திரும்பப் போய் மாற்றி வாங்க எட்டு நாள் ஆனது. இன்னொன்று, மெட்ரிக் பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரல் கடைசியில். இங்கே ஏப்ரல் முதல் வாரமே வகுப்பு தொடங்கிவிடும். மகள் மே முதல் வாரம்தான் சேர்ந்தாள். சேரும்போதே ஒரு மாதப் பாடம் பாக்கி. முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்ததால் பள்ளி சம்மதித்தது. நோட்டுகளின் நகலை வகுப்பு டீச்சரே எடுத்துக் கொடுத்தார்.

பணக் கணக்கு. முதல் வருஷம் மகளுக்கு 11,800, மகனுக்கு 8,200 திர்ஹம். 25,000-க்குள் அடங்கிவிட்டது என்று நினைத்தோம். பஸ் இருவருக்கும் 9,000. புத்தகம், சீருடை, சுற்றுலா, ஆண்டு விழா உடுப்பு என்று இன்னும் 2,500 போனது. புத்தகத்தை ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல விஷயம், ஃபீஸைப் பள்ளி தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதற்கு ஆணையம் உச்சவரம்பு வைக்கிறது, 2024-25க்கு ரேட்டிங் மாறாத பள்ளிகளுக்கு 2.6 சதவீதம், 2025-26க்கு 2.35 சதவீதம். பஸ் கட்டணம் மட்டும் இதைவிட வேகமாக ஏறியது.

பஸ்தான் இந்தப் பள்ளியில் என் பெரிய குறை. கணவருக்கு ஜெபல் அலி, பள்ளி ஊரின் மறுகோடி. அவர் ஆபீசுக்குப் பக்கத்தில் டிஸ்கவரி கார்டன்ஸில் வீடு எடுத்தால் பிள்ளைகள் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். யோசித்து, அல் நஹ்தாவில் வீடு எடுத்தோம். அவர் மெட்ரோவில் கிரீன் லைன் ஏறி, யூனியன் ஸ்டேஷனில் ரெட் லைன் மாறி, தினமும் அந்த நீளத்தைத் தான் சுமக்கிறார். பள்ளி எங்களுக்கு ஆறு கிலோமீட்டர்தான். அப்படியும் பஸ் சுற்றிச் சுற்றிப் போய் ஐம்பது நிமிஷம் ஆக்குகிறது. காலை 6.20-க்கு ஏற வேண்டும். செப்டம்பரில் திரும்பும்போது பிள்ளைகளின் முகம் வெந்துபோய் இருக்கும். மூன்று முறை எழுதினேன், பாதையை மாற்றவில்லை. பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா (இங்கே நானி என்பார்கள்) மட்டும் தங்கமானவர். மகன் தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்கி என் கையில் கொடுப்பார். ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று அங்கே வீடு பார்ப்பவர்களுக்கு ஒன்று: அங்குள்ள பள்ளிகளுக்கு 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை. துபாய்ப் பள்ளிகளுக்கு வெள்ளி அரைநாள் உண்டு. அம்மா ஒரு ஊரில் வேலை, பிள்ளை ஒரு ஊரில் படிப்பு என்றால் வெள்ளிக்கிழமை பிள்ளையை யார் பார்ப்பது என்று முன்கூட்டி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வாரத்தில் பள்ளி ஆலோசகரிடமிருந்து போன் வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் மகள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறாள், நாங்கள் கவனித்தோம் என்றார். மூவாயிரம் பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஒருத்தர் என் பிள்ளையைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வகுப்பில் மதுரைப் பெண் ஒருத்தியை இவளோடு சேர்த்து நூலகப் பொறுப்பு கொடுத்தார். அந்தப் பெண் போன வருஷம் ஆஸ்திரேலியா போய்விட்டாள். இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீடியோ காலில் பேசுகிறார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. பஸ்ஸுக்காக அரை, இந்தியில் கேட்ட பிறகே உதவியதற்காக அரை குறைத்திருக்கிறேன். நாங்கள் சேர்ந்தபோது அட்மிஷன் விண்ணப்பத்துக்குத் திரும்ப வராத 500 திர்ஹம் வாங்கினார்கள். ஆகவே பத்துப் பள்ளிக்கு விண்ணப்பம் போடாதீர்கள், அறிக்கை படித்து மூன்றாகச் சுருக்குங்கள். நேரில் போகும்போது இரண்டாம் மொழி என்னென்ன, புதிதாக வருகிற பிள்ளைக்கு அரபியிலும் இந்தியிலும் தனிப் பிரிவு உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இந்த வருஷத்தோடு அரபிக் கட்டாயம் முடிகிறது. பத்தாம் வகுப்பிலும் படிக்க வழியிருக்கிறதா என்று போன வாரம் அவளே போய் அந்த டீச்சரைக் கேட்டிருக்கிறாள்.